தோற்றவனுக்குரிய பங்கு

காவிரியில் புதுப்புனல் பெருகி வருகிற ஆடிப் பதினெட்டையொட்டி, சேலம் நாமக்கல் சமவெளியின் ஜனங்கள் ஆற்றங்கரைகளிலே கூடி, முளைப்பாரி விட்டு, சுமங்கலிகள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, சித்ரான்னங்களோடு நதியை வணங்கிக்கொண்டிருக்கிற அதே வேளையில், இப்பிரதேசத்தின் இரண்டு மலைகளைச் சார்ந்து இரண்டு வீரர்களுக்கு அரசாங்கமே முன்னின்று மரியாதை செய்கிறது. ஒன்று, காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிச் சேர்கிற கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு எடுக்கப்படுகிற விழா. மற்றொன்று, 1805ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியாரால் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு எடுக்கப்படுகிற நினைவுநாள். இவ்விருவருடைய சரித்திரமும் வெற்றியில் முடியவில்லை. பகைவன் கையில் மடிந்தவன் ஒருவன். பகைவன் கயிற்றில் மடிந்தவர் மற்றொருவர். ஆயினும் இந்தச் சமவெளி, தன் ஞாபகத்தின் உயர்ந்த ஆசனங்களை வென்றவர்களுக்குக் கொடாமல் இவர்களுக்கே கொடுத்து வைத்திருக்கிறது. இது பரிதாபத்தினால் விளைந்த காரியமா, அல்லது கீர்த்தி என்பதைப் பற்றி நம்முடைய முன்னோர்கள் தெளிவாக அறிந்திருந்த ஓர் உண்மையின் அடையாளமா என்பதே நான் சிந்திக்க விரும்புகிற விஷயம்.

ஓரியின் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். கொல்லி நாட்டுத் தலைவனாகிய இவனுடைய வில்லாற்றலுக்கு வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றிலே சாட்சியாக நிற்கிறார். காட்டிலே ஒரு வேட்டுவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாய் வழியே சென்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியிலே புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததைக் கண்டு பாணர் கூட்டம் வியந்து நின்றதாகவும், இவன் யாரோ என்று ஐயுற்றுத் தங்கள் வழக்கப்படி இசையோடு தலைவனைப் புகழ்ந்தபோது, அந்த வேட்டுவன் தன் பெயரைக் கேட்டு நாணித் தலைகவிழ்ந்ததாகவும், பின்னர் வேட்டை ஊனோடு தன் மலையில் விளைந்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்பியதாகவும் அந்தப் புலவர் சித்திரிக்கிறார். இத்தகைய வில்லாளியை, முள்ளூர் மலைக்குத் தலைவனாகிய மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூற்றிலே கல்லாடனார் இந்தச் செய்தியைச் சொல்கிறார். ஓரியைக் கொன்றபின் அவனுடைய பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையிலே ஓர் உவமையாக எடுத்து ஆள்கிறார். ஆகவே, தோல்வி மறைக்கப்படவில்லை; புலவர்கள் அதை மூடி மெழுகவும் இல்லை. ஐந்து உயிர்களை ஊடுருவிய அம்புக்கு உரியவன், ஒருநாள் தன்னைக் காட்டிலும் வலியவன் ஒருவனைச் சந்தித்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

இங்கேதான் கவனிக்கத்தக்க ஒரு செய்தி இருக்கிறது. கடையெழு வள்ளல்களின் வரிசையை நமக்குச் சொல்லுகிற சிறுபாணாற்றுப்படையில், நல்லூர் நத்தத்தனார் காரியையும் வள்ளல் என்கிறார். ஓரியையும் வள்ளல் என்கிறார். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வரிசையில் சமமாக அமர்ந்திருக்கிறார்கள். அதுமட்டுமன்று: ஓரியை அறிமுகம் செய்கிற இடத்திலே, அவன் காரியோடு பொருதவன் என்பதையே அவனுக்குரிய விசேஷணமாகப் புலவர் வைக்கிறார். தோற்ற போர் அவனுக்கு ஒரு களங்கமாகாமல், அணிகலன்களில் ஒன்றாக ஆகிவிட்டது. அதே வரிசையில் மூவேந்தரால் முற்றுகையிடப்பட்டு மாண்ட பாரி இருக்கிறான்; பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தகடூரை இழந்த அதியமான் இருக்கிறான். பாரியின் பறம்பு மலையை வளைத்துக்கொண்ட வேந்தர் மூவரின் இயற்பெயர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பாரியின் பெயரோ நம்முடைய பிள்ளைகளின் பெயராக இன்றும் வீட்டு வாசல்களில் கூப்பிடப்படுகிறது.

வெற்றி என்பது பங்கிட முடியாதது. களத்தின் நடுவே நின்று நடுவர் ஒருவனுடைய கையைத்தான் உயர்த்துகிறார். கீர்த்தியோ அப்படிப்பட்டதன்று. அது அந்தப் போரில் இருவரும் சேர்ந்து உண்டாக்கிய பொருள். அதிலே இருவருக்கும் பங்கு உண்டு. சில வேளைகளில் தோற்றவனுடைய பங்கு பெரிதாகவும் அமைந்துவிடுகிறது. இந்தத் தத்துவத்தைச் சங்ககாலத்திலிருந்து எடுத்து வந்து, நம் காலத்தில் மிகவும் கொடியதாகத் தோற்றம் தருகிற ஒரு விளையாட்டிலே வைத்துப் பார்க்கலாம். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜியு ஜிட்சு முதலான பலவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, எண்கோணக் கூண்டுக்குள்ளே இருவரை நிறுத்தி நடத்தப்படுகிற கலப்புத் தற்காப்புக் கலை என்பதுதான் அது.

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி லாஸ் வேகாஸ் நகரில் பாரஸ்ட் கிரிஃபின் என்பவரும் ஸ்டீஃபன் பானர் என்பவரும் மோதினார்கள். யூ.எஃப்.சி. என்னும் நிறுவனம் தொலைக்காட்சியில் நடத்திய ஒரு நீண்ட போட்டித் தொடரின் இறுதிக் கட்டம் அது. வெல்லுகிறவருக்கு மட்டுமே அந்நிறுவனத்தில் ஒப்பந்தம் என்பது நிபந்தனை. ஐந்தைந்து நிமிஷங்களாக மூன்று சுற்றுக்கள், இருவரும் ஒதுங்காமலும் ஒளியாமலும், முகத்தில் இரத்தம் வழிய, கைகள் தளர்ந்து தொங்குகிற நிலையிலும் முன்னோக்கியே நடந்தார்கள். நடுவர்கள் மூவரும் ஒருமனதாகக் கிரிஃபினுக்கு வெற்றி என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்ததைக் கண்ட நிறுவனத் தலைவர், அந்த இடத்திலேயே தோற்றவராகிய பானருக்கும் ஒப்பந்தம் உண்டென்று அறிவித்தார். அப்போது நஷ்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த நிறுவனம் பிழைத்து எழுந்ததற்கு அந்த ஒரு சண்டையே காரணம் என்று அதன் தலைவர்களே பின்னர்ப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் கீர்த்தி மண்டபத்தில் இருவருடைய பெயர்களும் ஒன்றாகப் பொறிக்கப்பட்டன. பானர் அன்றைக்குத் தோற்காமல் ஒரு சாமானியனை எளிதாக வென்றிருந்தாரானால், அந்த மண்டபத்தின் வாசலை அடைந்திருப்பாரா என்பது சந்தேகமே. காரியோடு பொருத ஓரி என்பது போல, கிரிஃபினோடு பொருத பானர் என்பதே அவருக்கு விசேஷணமாயிற்று.

இந்தக் கலையின் பூர்வ கதையிலேயே இதற்கு இன்னும் ஆழமான சாட்சியம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பிரேஸில் தேசத்து ரியோ டி ஜெனிரோ நகரில், மரக்கானா மைதானத்திலே, ஜப்பானின் ஒப்பற்ற ஜூடோ வீரராகிய மசாஹிக்கோ கிமுராவும், பிரேஸிலில் ஜியு ஜிட்சுவைத் தம் குடும்பத்தாரோடு சேர்ந்து வளர்த்துவந்த ஹீலியோ கிரேசியும் சந்தித்தார்கள். கிரேசிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, மெலிந்த சரீரம், எதிரே நின்றவரோ பல கிலோ எடை கூடியவர், வயதில் இளையவர், தம் நாட்டிலே தோல்வியை ஏறக்குறைய அறியாதவர். முதற் சுற்று முழுவதும் வீசி எறியப்பட்ட கிரேசியின் கையை, இரண்டாம் சுற்றிலே கிமுரா முதுகுப்புறமாக மடக்கிப் பூட்டினார். எலும்பு முறிகிற ஓசையைத் தாம் கேட்டதாகவும், அப்பொழுதும் அந்த மனிதர் தோல்வியைத் தெரிவிக்கத் தரையைத் தட்டவில்லை என்றும், அவருடைய மன உறுதிக்குத் தாம் தலைவணங்குவதாகவும் கிமுராவே பிற்காலத்தில் எழுதிவைத்தார். கிரேசியின் பக்கத்தார் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மனத்தை உருக்குவது. தோற்ற அந்தக் குடும்பத்தார், தங்களை வீழ்த்திய பிடியைச் சாபமாகக் கருதாமல், தம் பயிற்சிக்கூடங்களிலே அதைக் கற்று, கற்பித்து, வென்றவருடைய பெயராலேயே வழங்கத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுவதும், சென்னையிலும் பெங்களூரிலும்கூட, அந்தப் பூட்டைப் பயிலுகிற இளைஞர்கள் கிமுரா என்ற பெயரைச் சொல்கிறார்கள் என்றால், அந்தப் பெயரைப் பூமி முழுவதும் கொண்டு சென்றவர்கள் அவரிடம் தோற்றவர்களே. 1993ஆம் ஆண்டு டென்வர் நகரில் முதல் யூ.எஃப்.சி. போட்டி நடந்தபோது அதிலே வாகை சூடியவர் ஹீலியோவின் புதல்வர் ராய்ஸ் கிரேசி. ஒரு குடும்பத்தின் பிரக்யாதிக்கு அடிக்கல்லாக நின்றது ஒரு தோல்வி. அந்தத் தோல்வி, வென்றவரையும் கூடவே சுமந்து சென்று அமரராக்கிற்று.

தோல்வி எதுவாயினும் கீர்த்தி தரும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படியானால் அது ஒரு மலிவான ஆறுதலாகிவிடும். தோற்காமலே கீர்த்தியை இழந்தவர்களும் உண்டு. 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி லண்டனில், நம் நாட்டுக் காமா பயில்வானும் போலந்து தேசத்து ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் மல்யுத்தம் செய்தார்கள். காமாவை நின்று எதிர்த்தால் வீழ்வோம் என்று கண்டுகொண்ட ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக, பெரும்பகுதி நேரம் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தே தம்மைக் காத்துக்கொண்டார். சண்டை முடிவின்றி நின்றது. அடுத்த வாரம் மீண்டும் மோதுவதற்கு நாள் குறிக்கப்பட்டபோது அவர் வரவே இல்லை. கணக்கிலே அவருக்கு அன்று தோல்வி இல்லை. ஆனால் பார்த்தவர்களின் சித்தத்திலே அவர் அன்றைக்குத்தான் மிகவும் தாழ்ந்தார். பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோ கடல் கடந்து வந்து காமாவை எதிர்கொண்டு, ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே மல்லாந்து வீழ்ந்தார். என் எண்ணத்திலே, கிடந்து தப்பிய அந்த இரண்டரை மணி நேரத்தைக் காட்டிலும், வந்து நின்று வீழ்ந்த அந்த ஒரு நிமிஷமே அவருக்கு அதிக மரியாதையைச் சேர்த்தது.

இந்த உதாரணங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது, எந்தத் தோல்வி மனிதனை உயர்த்துகிறது என்பதற்குரிய லட்சணங்கள் ஒருவாறு புலப்படுகின்றன. தன்னிலும் வலியவனை அவன் மனமாரத் தேடிச் சென்றிருக்கவேண்டும். தன்னிடம் உள்ள வித்தை முழுவதையும், பிற்பாடு சொல்லுவதற்கென்று ஒரு சாக்கைக்கூட மிச்சம் வைத்துக்கொள்ளாமல், களத்திலே கொட்டியிருக்கவேண்டும். தீர்ப்பு வந்தபின் அதைக் கலங்காமல் ஏற்று, வென்றவனை வென்றவன் என்று சொல்லியிருக்கவேண்டும். இம்மூன்றும் வெற்றியிலே வெளிப்படுவதில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு நம் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் ஒன்றுபோலவே நிறைந்து நிற்கின்றன. எந்தக் கிணற்றுக்கு எத்தனை ஊற்றுக்கண் என்பது சித்திரை வெயிலில் நீர் வற்றி இறங்கும்போதுதான் தெரிகிறது. வென்றவனிடம் பலம் இருந்தது என்று மட்டுமே நாம் அறிகிறோம். பலம் எல்லாம் தீர்ந்த பிறகு என்ன இருந்தது என்பதைத் தோற்றவனிடமே அறிகிறோம். அந்த அறிவுக்காகவே அவனுக்கு நாம் நன்றி பாராட்டுகிறோம்.

ஆனால் இதற்குச் சாட்சி வேண்டும். களத்தின் தீர்ப்பைப் பலம் எழுதிவிடுகிறது. கீர்த்தியின் தீர்ப்பைப் பார்த்தவன் எழுதவேண்டும், அதுவும் அஞ்சாமல் எழுதவேண்டும். வெண்ணிப் பறந்தலையிலே கரிகால் வளவன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். மார்பிலே பாய்ந்த வேல் முதுகிலும் ஊடுருவியதனால் உண்டான புண்ணுக்கு நாணி, அந்தச் சேரன் களத்திலேயே வடக்கிருந்து உயிர் நீத்தான். அப்போது வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, நீ வென்றாய் என்பது மெய்தான், ஆயினும் புகழை நாடி உயிர் விட்டவன் உன்னைக் காட்டிலும் நல்லவன் அல்லனோ என்று கேட்கிறார். பெயரைக் கொண்டு பார்த்தால் சோழநாட்டு வெண்ணியூரிலே மண் பிசைந்து பானை வனைகிற குடியிலே பிறந்தவராகத் தோன்றுகிற ஒருத்தி, தன் நாட்டு வேந்தன் வெற்றிக் களிப்பிலிருக்கிற நேரத்திலே அவன் முகத்துக்கு நேரே பகைவனுடைய பெருமையைச் சொன்னாள். அதைக் கேட்டு அந்த வேந்தன் சினந்ததாக ஒரு செய்தியும் நமக்கு வரவில்லை. அந்தப் பாட்டு அழியாமல் வந்திருப்பது பெருஞ்சேரலாதனுக்கு மட்டும் பெருமையன்று. அதைக் கேட்டுக்கொண்ட கரிகாலனுக்கும் அது பெருமை. தோற்றவனுக்கு அவன் பங்கைக் கொடுப்பதனால் வென்றவனுடைய பங்கு குறைவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்டமுடியும்?

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாகவேண்டும். பெருஞ்சேரலாதன் உயிரைக் கொடுத்தான்; ஹீலியோ கிரேசி கையைக் கொடுத்தார். அவர்களை வணங்குகிற நாம், நம்முடைய பிள்ளைகளிடம் அந்த விலையைக் கேட்பதற்கு உரிமையுள்ளவர்கள் அல்லர். கலப்புத் தற்காப்புக் கலையிலே, பூட்டில் அகப்பட்டவன் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ தட்டினால் அக்கணமே சண்டை நிறுத்தப்படுகிறது. அந்தத் தட்டுதல் கோழைத்தனம் ஆகாது. நீ என்னை மிஞ்சிவிட்டாய் என்று சத்தியத்தை ஒப்புக்கொள்ளுகிற செயல் அது. மூட்டு பிசகுமுன் தட்டத் தெரிந்தவனே மறுநாளும் பயிற்சிக்கு வருகிறான்; ஆண்டுகள் கழித்துத் தேர்ச்சி பெறுகிறான். மயங்கி விழுகிறவரையில் அடி வாங்குவதை வீரம் என்று கைதட்டுகிற கூட்டம், கீர்த்தியைக் கொடுக்கிற சாட்சிக் கூட்டமாகாது. இரத்தத்தைப் பார்க்க வந்த கூட்டமே அது. தோற்றவனை மதிப்பதற்கு அவன் அழிந்துபோயிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற மனம், அவனை உண்மையில் மதிக்கவே இல்லை. வீழ்ந்த வீரர்களுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படிகளாகக் கல் நாட்டும் முறைமையைத் தொல்காப்பியம் சொல்லுகிறது. உயிரோடிருக்கிற தோல்வியாளனுக்கு மரியாதை செய்வதற்குரிய முறைமையை நாம்தான் வகுத்துக்கொள்ளவேண்டும்.

அதற்கான தேவை இந்த மண்ணிலே மிகுதியாக இருக்கிறது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு என்னும் இவ்வூர்கள், லாரிகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் அடுத்தபடியாக, விடுதிகளோடு கூடிய பள்ளிக்கூடங்களால் தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்றவை. பிளஸ் டூ பரீட்சையில் மாநில அளவில் இடம் பிடித்த பிள்ளைகளின் முகங்கள் பஸ் நிலையங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் பெரிய பலகைகளாக நின்ற காலம் ஒன்று இருந்தது. 2017ஆம் ஆண்டில் அரசாங்கம் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. இளம் உள்ளங்களின் சுமையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட அந்த நல்ல காரியத்துக்குப் பின்னும், பலகைக்கு உரியவர்கள், பலகைக்கு உரியவர்கள் அல்லாதவர்கள் என்று பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கிற பழக்கம் நம் மனத்தைவிட்டு நீங்கிவிடவில்லை. உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. வறண்ட பூமியிலே பிறந்து, மகனாவது மகளாவது மேலே வரவேண்டும் என்று நிலத்தை அடகு வைத்த தகப்பனின் தாபம் எனக்கு விளங்காததுமன்று. ஆனால் முடிவை மட்டுமே பார்க்கப் பழகிய கண், அந்த முடிவுக்கு முன்னே நிகழ்ந்த போராட்டத்தைப் பார்க்கும் சக்தியை மெல்ல மெல்ல இழந்துவிடுகிறது.

அந்தக் கண்ணோடுதான் நாம் இப்போது சிலம்பக் கூடங்களுக்கும், கராத்தே வகுப்புக்களுக்கும், புதிதாகத் தோன்றிவருகிற குத்துச்சண்டைப் பயிற்சி நிலையங்களுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். சிலம்பத்திலே கம்பைச் சுழற்றுவதற்கு முன் சலாம் வரிசை செய்ய வாத்தியார் கற்பிக்கிறார். களத்தையும் குருவையும் எதிரே நிற்பவனையும் வணங்கியே ஆட்டம் தொடங்குகிறது. எதிராளியை முதலிலேயே வணங்கிவிட்டபடியால், அவனிடம் தோற்பதிலே அவமானம் இருக்க நியாயமில்லை. ஆனால் முதற் போட்டியிலே தோற்றுத் திரும்புகிற சிறுவனோடு வீடு வரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியை ஓட்டிவருகிற தகப்பன்மார்கள் இருக்கிறார்கள். இரண்டாம் போட்டிக்கு முன்பே வகுப்பிலிருந்து நிறுத்தப்படுகிற சிறுமிகளும் இருக்கிறார்கள். நம்முடைய மூதாதையர் ஓரிக்குக் கொடுத்ததை நாம் நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க மறுக்கிறோம்.

இந்தியாவிலே பிறந்து வளர்ந்து யூ.எஃப்.சி. கூண்டிலே முதன்முதலாகப் புகுந்தவர் பாரத் கண்டாரே. 2017ஆம் ஆண்டு நவம்பரில் ஷாங்காய் நகரில் சோங் யாடோங் என்னும் சீன இளைஞரிடம் அவர் முதற் சுற்றிலேயே தோற்றார். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பூஜா தோமர் என்னும் இந்தியப் பெண்மணி அதே நிறுவனத்தின் கூண்டிலே வெற்றி பெற்றார். இவ்விரண்டுக்கும் நேரான சம்பந்தம் இல்லை என்று சொல்லுகிறவர்கள் சொல்லலாம். எனினும், முன்னே ஒருவர் புகுந்து வீழ்ந்ததனால்தான், நம்மவர் புகக்கூடிய வாசல் அது என்பதைப் பின்னே வந்தவர்கள் அறிந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே, நம் ஊர்ப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கு என்னுடைய விண்ணப்பம் ஒன்று உண்டு. பரிசளிப்பு மேடையிலே வென்றவன் பெயரை வாசிக்கும்போது, இறுதிச் சுற்றில் அவனை எதிர்த்து நின்றவன் பெயரையும் அதே மூச்சிலே வாசியுங்கள். அவன் எங்கே நன்றாக நின்றான் என்பதை ஒரு வாக்கியத்திலாவது சபையறியச் சொல்லுங்கள். ஆறுதல் பரிசாக இதைச் செய்யவேண்டாம். ஆறுதல் என்பது பெரியவன் சிறியவனுக்குக் கொடுப்பது. இது அவனுக்குச் சேரவேண்டிய கடன். வெற்றி என்று ஒன்று பிறப்பதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டிருக்க, அதன் பெருமை முழுவதையும் ஒருவனுக்கே எழுதிக் கொடுக்கிற சமூகம், மற்றவனுடைய பாகத்தை அபகரித்துக்கொண்டதாகவே ஆகிறது.